கேட்கத் தெரியாதவர்களா? புதுக்கோட்டை சைக்கிளை மறுபடி வாசித்தல்

சித்தி மகள் ஒருத்தி புதுக்கோட்டை டவுனில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். எம்.எஸ்சி., பி.எட். ஊர் அன்னவாசலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அஞ்சு வருஷ அனுபவத்துக்குப் பிறகும் சம்பளம் 9,500 ரூபாய். போன வருஷம் ஏப்ரலில் கூடக் கேட்கப்போகிறேன் என்றாள். அவளைத் தயார் செய்தது நான்தான். சம்பள உயர்வு கேட்பது எப்படி என்று புத்தகங்களும் வீடியோக்களும் சொல்வதையெல்லாம் சுருக்கிக் கொடுத்தேன். செய்த வேலையைப் பட்டியல் போடு, எவ்வளவு வேணும்னு முதல்லயே சொல்லு, சொன்ன பிறகு பேசாம இரு, குடும்பக் கஷ்டத்தை இழுக்காதே.

சாயங்காலம் போன் செய்தாள். "நீங்க சொன்ன மாதிரியேதாண்ணே பேசினேன்." தாளாளர் முழுசாகக் கேட்டிருக்கிறார். கோபப்படவும் இல்லை. "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறீங்கம்மா. வேற எங்கயாச்சும் கூடக் குடுத்தா தாராளமாப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

அவளால் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவள் ஊரிலிருந்து காலையில் பள்ளி நேரத்துக்கு வரும் பஸ் ஒன்றுதான், அது புதுக்கோட்டைக்கு. கீரனூர் பக்கம் இருக்கிற பள்ளிகளுக்கு நேரத்துக்கு பஸ் கிடையாது. போதாததற்கு அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் அவர் பீரோவில் இருந்தது.

இதற்குப் பிறகுதான் பி. சாய்நாத் புதுக்கோட்டை சைக்கிளைப் பற்றி எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். 1996இல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' தொகுப்பில் இருக்கிறது. அதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கதை. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதம் கூடியதாக ஒரு டீலர் சொல்கிறார். லேடீஸ் சைக்கிள் வருகிறவரை காத்திருக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியவர்களும் உண்டு.

இந்தக் கட்டுரையை எல்லோரும் விடுதலைக் கதையாகத்தான் வாசிக்கிறோம். பாவாடை தாவணியில் சைக்கிள், கேலி செய்த ஆண்கள், தயங்காத பெண்கள். தப்பான வாசிப்பு இல்லை, சாய்நாத்தின் அழுத்தமும் அங்கேதான். ஆனால் சைக்கிள் ஓட்டியவர்கள் யார் என்று அவர் தருகிற பட்டியலைக் கவனியுங்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம நர்ஸ்கள், பால்வாடி, அங்கன்வாடிப் பணியாளர்கள், ரத்தினக்கல் பட்டை தீட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், சத்துணவுப் பணியாளர்கள். இது கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை பார்ப்பவர்களின் பட்டியல். பொருளாதாரம் பற்றிப் பேசும்போது மட்டும் கட்டுரை விளைபொருளை விற்கப் போகும் பெண்களிடம் போய்விடுகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், கூடுதல் ஊர்களுக்குப் போய் விற்கலாம் என்கிறது. உழைப்பை விற்பவளுக்குச் சைக்கிள் என்ன செய்தது என்று அது கேட்கவில்லை. என் குறை இது ஒன்றுதான்.

சரக்கு விற்பவளுக்கு இன்னும் நாலு ஊர் கைக்கெட்டினால் நாலு சந்தை. உழைப்பை விற்பவளுக்கும் அதே கணக்குத்தான். நடந்து போகும் தூரத்துக்குள் ஒரே ஒரு முதலாளி இருந்தால் அவர் சொல்வதுதான் கூலி. பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933லேயே இந்த நிலையை அலசி எழுதினார். வாங்குகிறவர் ஒருவராகவே இருக்கும் சந்தையில், உழைப்பின் விலை அதன் மதிப்புக்குக் கீழேயே நிற்கும். அன்னவாசல் பக்கத்துக் கிராமத்தில் காலை பஸ் ஒன்றே ஒன்று என்றால், அந்த பஸ் நிற்கிற ஊர்ப் பள்ளிதான் அந்த ஒருவர்.

சம்பளப் பேச்சு பற்றிய ஆலோசனை எழுத்துகளுக்கு இது தெரியாமல் இல்லை. அந்த வகையில் பேர்பெற்ற ரோஜர் பிஷர், வில்லியம் யூரி எழுதிய 'கெட்டிங் டு யெஸ்' (1981) இதைத்தான் மையமாக வைக்கிறது. பேச்சு முறிந்தால் உன் கையில் இருக்கும் மாற்று வழி எவ்வளவு நல்லதோ, அவ்வளவுதான் உன் பலம். பின்னால் வந்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி உட்காருவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். மாற்று வழியை விற்க முடியாது, வார்த்தையை விற்கலாம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் எழுதிய 'விமன் டோன்ட் ஆஸ்க்' (2003) வந்ததிலிருந்து, பெண்கள் கேட்பதில்லை, அதனால்தான் கிடைப்பதில்லை என்ற பேச்சு பரவிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 4,600 பணியாளர்களின் தரவை வைத்து ஆர்ட்ஸ், குட்டால், ஆஸ்வால்ட் மூவரும் 2016இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதன்படி பெண்களும் ஆண்கள் அளவுக்குக் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்கு. என் தங்கச்சிக்கும் கேட்கத் தெரியாமல் இல்லையே.

என் வாசிப்புக்கு எதிரான சாட்சியும் சாய்நாத் கட்டுரையிலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதில் வரும் ஒரு பள்ளி ஆசிரியைக்குச் சொந்த சைக்கிள் வாங்க வசதியில்லை. தினமும் சாயங்காலம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். காசு நஷ்டம்தான், ஆனால் அந்த சுதந்திர உணர்வுக்காகத்தான் ஓட்டுகிறேன் என்கிறார். இதை வைத்து சாய்நாத், பொருளாதாரத்தை மட்டும் பார்க்காதீர்கள், சுயமரியாதைதான் முக்கியம் என்று நகர்கிறார். நான் இரண்டையும் அப்படிப் பிரிக்க மாட்டேன். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று உடம்புக்குத் தெரிந்த ஒருத்தி, தாளாளர் அறையில் வேறு மாதிரிதான் உட்காருவாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது காசை மிச்சம் பிடித்தது, பெரிய விஷயம்தான். ஆனால் நேரம் பஸ்ஸினுடைய நேரம். சைக்கிளில் நேரம் அவளுடையது.

வண்டி மட்டும் போதுமா என்றால் போதாது. அதற்கும் புதுக்கோட்டையிலேயே உதாரணம் உண்டு. அதே காலத்தில், அதே கலெக்டர் இருந்தபோது, அரசு கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். காண்ட்ராக்டரிடம் கூலிக்கும் கொத்தடிமையாகவும் கல் உடைத்தவர்களே குத்தகைதாரர்கள் ஆனார்கள். காண்ட்ராக்டர்கள் சும்மா விடவில்லை, எதிர்த்தார்கள். சைக்கிள் ஒருத்திக்கு இன்னொரு முதலாளியைக் காட்டும். எல்லா முதலாளிகளும் ஒரே கூலியைப் பேசி வைத்திருந்தால் அது பலிக்காது. குவாரிக் குழு கூலியை யார் தீர்மானிப்பது என்பதையே மாற்றிப் பார்த்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த வருஷங்களின் முழுப் பொருள் கிடைக்கிறது. பாடப்புத்தகத்துக்குப் போனது சைக்கிள் மட்டும்தான்.

தங்கச்சி கதையை முடித்துவிடுகிறேன். தை மாசம் சீட்டுப் பணம் எடுத்து பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினாள். ஓட்டிப் பழக பத்து நாள். கீரனூர் பக்கம் ஒரு பள்ளியில் 12,000 தருவதாகச் சொன்னார்கள். தாளாளரிடம் போய், "சார், ஏப்ரலோட நின்னுக்கறேன், ஒரிஜினலைக் குடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலமே 11,500 ஆக்கினார். டவுனை விட மனசில்லாமல் அங்கேயே இருந்துவிட்டாள். சர்டிபிகேட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "புதுசா ஒண்ணும் பேசலண்ணே, போன வருஷம்தான் நல்லாப் பேசினேன்" என்றாள்.

கூடவே தாளாளர் ஒன்று சொல்லியிருக்கிறார்: மத்த மிஸ்ஸுங்ககிட்ட தொகையைச் சொல்ல வேண்டாம். அவளோடு வேலைக்குச் சேர்ந்த மூணு பேர் இன்னும் 9,500தான் வாங்குகிறார்கள். சொல்லிவிடு என்றேன். "சொன்னா எனக்கே பிரச்சனை வரும்ணே" என்றாள். அவள் பயம் நியாயமானது. இந்த முறை நான் அவளுக்கு எந்தப் புத்தகத்தையும் சுருக்கிக் கொடுக்கவில்லை. குவாரிப் பெண்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் அம்மாவுக்கு அதெல்லாம் நேரில் தெரியுமாம்.