மெய்நிகர் உலகும் பாடங்கேட்டலும்

நூல் எத்தகையது, ஆசிரியன் எத்தகையன், கற்பிக்கும் முறை யாது, மாணவன் எத்தகையன், கற்கும் முறை யாது என ஐந்தனை வகுத்துரைப்பது நன்னூலின் பொதுப்பாயிரம். பவணந்தியார் இதனை யாத்த காலம் ஓலைச்சுவடியின் காலம். இன்று நூலகமும் வகுப்பறையும் கணினித் திரைக்குள் அமைந்துவிட்டன. அவ்வமைப்பினை மெய்நிகர் உலகம் என வழங்குகிறோம். அதனைப் புகழ்வாரும் உளர்; இகழ்வாரும் உளர். அளவுகோல் ஒன்று இன்றிப் புகழ்தலும் இகழ்தலும் திறனாய்வு ஆகா. ஆதலின், பவணந்தியார் வகுத்த ஐந்தனையே அளவுகோலாகக் கொண்டு அவ்வுலகினை ஈண்டு ஆராய்வோம்.

சாத்தூர் போன்ற ஊரில் இருந்து நோக்குவார்க்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. வைப்பாற்றங்கரையில் அமைந்த இவ்வூர், பேனா முள் செய்யும் தொழிலால் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. எழுதும் கருவியை நாட்டுக்கு வழங்கிய இவ்வூரில், அரிய நூலின் பழம்பதிப்பு ஒன்றைக் காண விரும்பும் முதுகலை மாணவர் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதுரைக்குச் செல்ல வேண்டும். அங்கும் கிடையாதாயின் சென்னைக்குச் செல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் உழைக்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு அப்பயணம் எளிதன்று. எனவே திரையில் விரியும் நூலகம் இத்தகையோர்க்கு அணி அன்று. இன்றியமையாத் தேவை என்க.

இத்தேவையை நிறைவு செய்வதில் தமிழர் பிந்தினரல்லர். மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கப் பெற்றது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தோன்றியது, முனைவர் வா. செ. குழந்தைசாமி அதன் நிறுவனத் தலைவராக விளங்கினார். அது 2010ஆம் ஆண்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இலக்கண இலக்கிய நூல்களை உரையுடன் வழங்கும் மின்னூலகமும், கோயில்களையும் விழாக்களையும் படங்களாகக் காட்டும் பண்பாட்டுக் காட்சியகமும் அதன்கண் உள்ளன. ஈழத்து நூல்களைத் திரட்டித்தரும் நூலகம் என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் தீக்கு இரையானதை நினைவார், இத்தகைய முயற்சியின் அருமையை உணர்வர்.

இவற்றால் ஐந்தனுள் முதலாவதாகிய நூல் கைக்கு எட்டியது என்பதில் ஐயமில்லை. பதிவு செய்யப் பெற்ற பாடங்கள் வேறொரு பயனும் தருகின்றன. ஒரு பாடத்தை ஒருமுறை கேட்டு அமையாது இருமுறையும் மும்முறையும் கேட்டலை நன்னூல் வற்புறுத்துகிறது. அதற்குப் பதிவுப் பாடம் பெரிதும் துணையாகும். ஆயின் நூல் கிடைத்தலும் பொருள் விளங்குதலும் ஒன்றல்ல.

இதற்கு உ. வே. சாமிநாதையர் வாழ்வே சான்று. 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவகசிந்தாமணியின்பால் ஆற்றுப்படுத்தினார். சுவடி கைக்கு வந்தது. நச்சினார்க்கினியர் உரையும் வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்கே அந்நூலின் சமணக் கருத்துகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களை நாடி, அவர்களொடு அளவளாவிய பின்னரே அவை தெளிவாயின. 1887ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பதிப்பு சுவடியின் பயன் மட்டும் அன்று. அறிந்தாரொடு கூடிப் பயின்றதன் பயனுமாகும். சுவடியிருந்தும் வேண்டப்பட்ட அக்கூட்டுறவு, மின்னூல் இருக்கும் இந்நாளில் வேண்டாததாகிவிடுமோ?

கூட்டுறவினையும் திரைக்குள் அமைத்துத் தருவோம் என முன்வந்தவையே மெய்நிகர் உலகங்கள். அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் திறந்த 'செகண்ட் லைஃப்' என்பது. அதனுள் புகுவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உருவம் பூண்டு நடமாடுவர். பிற உருவங்களொடு உரையாடுவர். நிலம் பெற்றுக் கட்டடம் எழுப்புவர். 2006ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து நூலகக் கூட்டமைப்பு ஒன்று அங்கே தீவு ஒன்று கொண்டு நூலகம் அமைத்தது. நூலகர் பலர் ஊதியமின்றி முறைவைத்து அங்கு நின்று, வருவோரின் வினாக்களுக்கு விடை கூறினர். பல்கலைக்கழகங்கள் பலவும் வகுப்புகள் நடத்தின.

அம்முயற்சியின் குறைபாடு இரண்டு. முதலாவது, நிலம் பிறருடையது. கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த கட்டணச் சலுகையை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அறிவித்தது. பின்னர் 2013ஆம் ஆண்டில் சலுகை மீண்டும் வந்ததாயினும், இடையே வெளியேறியோர் பலர். வாடகை நிலத்தில் நட்ட மரத்துக்கு நிலக்கிழாரின் மனமே மழையும் வெயிலும் ஆகும். இரண்டாவது, அங்கே கட்டடத்துக்குச் செலவான உழைப்பு மிகுதி. சுவரும் தூணும் மாடமும் உண்மை நூலகம் போலவே எழுந்தன. நூலகத்தின் தோற்றம் நூலகம் ஆகிவிடாது.

இதனொடு மதுரைத் திட்டத்தை ஒப்புநோக்குக. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய அத்திட்டத்தில் தீவு இல்லை, உருவங்கள் இல்லை, மாடமும் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள் நூல்களைத் தட்டச்சுச் செய்து மின்னஞ்சலில் அனுப்பினர். வேறு அன்பர்கள் அவற்றை மெய்ப்புப் பார்த்தனர். ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்தினார். முகம் காணாத இவர்கள் ஒரே நூலின் முன் கூடினர். உலகம் என்னும் சொல் உயர்ந்தோர் கூட்டத்தையும் குறிப்பது தமிழ் மரபு. அப்பொருளில் நோக்கின், மெய்நிகர் உலகம் என்னும் பெயர் இதற்கே சாலப் பொருந்தும்.

நன்னூலின் கணக்கு ஈண்டு நினைக்கத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு கால்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும். இக்கணக்கின்படி, பாடத்தைத் திரையில் காட்டுவதோடு அமையும் கல்வி, எத்துணை அழகிய காட்சியாயினும், கால்பங்கைத் தாண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நாம் இதனைக் கண்கூடாகக் கண்டோம். ஆசிரியர் குரல் ஒன்றே ஒலித்தது. மாணவர் பெயர்கள் கருங்கட்டங்களில் நின்றன. கேட்டாரா, விளங்கிற்றா என்பதை அறிய முகம் இல்லை. மாணவனின் கொள்ளும் ஆற்றல் அறிந்து கற்பிக்க வேண்டும் என்னும் நன்னூல் நெறி அங்கே வழியற்று நின்றது.

அங்ஙனமாயின் காட்சியால் பயனே இல்லையோ எனின், உண்டு. சாத்தூருக்கு அணித்தாக உள்ள வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. பொருள்களைக் காட்சிக்கூடத்தில் வைக்கலாம். எப்பொருள் எந்த மண்ணடுக்கில் எதன் அருகே இருந்தது என்பதைக் குழி மூடப்பட்டபின் எங்ஙனம் காண்பது? அதனை முப்பரிமாண உருவில் காத்துவைத்தல் மெய்நிகர் காட்சியால் இயலும். இடமும் உருவும் பொருளுணர்ச்சிக்கு இன்றியமையாதனவாகும்போது காட்சி கல்வியாகும். ஒரு செய்யுளைப் பொருள் கொள்ளுதற்கோ காட்சியினும் உசாத்துணையே வேண்டும்.

ஆதலின் தமிழ்த்துறைகள் மெய்நிகர் வகுப்பறைக்கெனக் கருவிகள் வாங்குமுன் ஒன்றைச் செய்தல் நன்று. இரண்டு மூன்று கல்லூரிகள் கூடி, ஒரு நூலைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை இணையத்தில் பாடங்கேட்கும் அவை அமைக்கலாம். ஆசிரியர் ஒரு பகுதியை விளக்க, மறுவாரம் மாணவரே அதனை எடுத்துரைக்க, பிற கல்லூரி மாணவர் தடை எழுப்ப, விடைகள் பதிவாகி எல்லார்க்கும் கிடைக்க வேண்டும். சாத்தூர் மாணவி ஒருத்தி எழுப்பும் ஐயத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ விடை வருமாயின், அதுவே இணையத்தின் பெரும்பயன். இதற்குத் தீவு வேண்டா. விலையுயர்ந்த தலைக்கவசக் கருவியும் வேண்டா. கைப்பேசியும், வருவோரை மதிக்கும் ஆசிரியரும் போதும்.

மெய் என்னும் சொல் உண்மையையும் உடம்பையும் குறிக்கும், ஒற்றெழுத்தையும் குறிக்கும். உயிரின் துணையின்றி ஒற்று தனித்து இயங்காது என்பது நம் இலக்கணம். மெய்நிகர் உலகுக்கும் அஃதே விதி. நூலும் காட்சியும் அதற்கு மெய். கூடிப் பயில்வார் உரையாட்டே உயிர்.