வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க அரசியல் சாசனம் கட்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இருந்தும், அதிபர் வேட்பாளர் யாரென்பதை நெடுங்காலம் கட்சித் தலைவர்கள்தான் கூடிப் பேசி முடிவுசெய்தார்கள். 1968-இல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் முன்தேர்தலான பிரைமரி எதிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியை ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாடு வேட்பாளராக்கியது. வெளியே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் போலீஸிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் கட்சி தன் விதிகளைத் திருத்தியது. 1972 முதல் வாக்காளர்கள் பங்கேற்கும் பிரைமரி தேர்தல்களே பெரும்பாலும் வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. 2018-இல் உணவகத்தில் வேலைபார்த்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜோ கிரௌலியை நியூயார்க்கில் வீழ்த்தினார். கட்சி மேலிடம் சீட்டுக் கொடுக்கும் முறையில் இது நடந்திருக்காது.

ஆனால் பிரைமரி இருந்தாலே ஜனநாயகம் வந்துவிடாது. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியே எப்போதும் வென்ற காலத்தில் பிரைமரிதான் உண்மையான தேர்தல். அதில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கட்சி தடை போட்டிருந்தது. 1944-இல் உச்ச நீதிமன்றம்தான் அந்த அநீதியை முடித்துவைத்தது.

இன்று அப்படிப்பட்ட தடை இல்லை. ஆனாலும் ஒரே கட்சி வெல்லும் தொகுதிகள் ஏராளம். அங்கே பிரைமரிக்கு வரும் சிறு கூட்டமே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. அவரும் அந்தக் கூட்டத்துக்கே அஞ்சுகிறார். 2021-இல் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தைக் குடியரசுக் கட்சியின் பத்துப் பிரதிநிதிகள் ஆதரித்தார்கள். அடுத்த தேர்தலில் நால்வர் போட்டியிடவில்லை. லிஸ் செனி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பிய இருவரும் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர்கள். அங்கே எல்லாக் கட்சியினரும் ஒரே பிரைமரியில் நிற்கிறார்கள், எல்லோரும் வாக்களிக்கிறார்கள், முதல் இருவர் இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். தோற்ற நால்வரில் ஒருவரும் வாஷிங்டன்காரர்தான் என்பதால், இம்முறையை முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு வேறொரு குறையும் உண்டு. 2016-இல் கலிஃபோர்னியாவின் செனட் இறுதிப் போட்டியில் இருந்த இருவரும் ஜனநாயகக் கட்சியினர். குடியரசுக் கட்சி வாக்காளருக்குத் தன் ஆளே இல்லை. அலாஸ்கா நால்வரை இறுதிக்கு அனுப்பி, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கச் சொல்கிறது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. 2024-இல் நெவாடா இதைப் போன்ற ஒரு திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தது. அங்கே இரண்டு பெரிய கட்சிகளுமே அதை எதிர்த்தன.