ஒரு தலைவனும் பல நூல்களும்: அருச்சுனன் கதைப்பாடல்கள் பற்றியதோர் ஆராய்ச்சி

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரற்ற ஒரு தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். ஆயின், ஒரு தலைவனுக்கு எத்தனை நூல்கள் அமையலாம் என்னும் வினாவை அணி நூலார் எழுப்பினாரல்லர். புலவர் போற்றிய நூல்களை விடுத்து, நாட்டு மக்கள் விரும்பிக் கேட்ட கதைகளை நோக்குங்கால் அவ்வினா தானே எழுகின்றது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, சுபத்திரை மாலை எனப் பல கதைப்பாடல்களில் அருச்சுனன் ஒருவனே தலைவனாக வருகின்றான். இவை ஒரு நூலின் பகுதிகள் அல்ல. தனித்தனியே பாடவும் படிக்கவும் பெற்றவை.

இந்நிலை நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை இதழ்களில் 1938ஆம் ஆண்டு 'ஆக்சன் காமிக்சு' இதழில் தோன்றிய சூப்பர்மேன், மறு ஆண்டே தன் பெயரால் அமைந்த தனி இதழைப் பெற்றான். 1941இல் மூன்றாவதோர் இதழிலும் இடம்பெற்றான். ஒரே தலைவன் ஒரே காலத்தில் பல வரிசைகளில் உலவுவதற்குக் காரணம் யாது? அதனால் இலக்கியத்திற்கு விளைவது ஆக்கமா, கேடா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

1. வணிகக் காரணமும் அதன் எல்லையும்

முதற்கண் தோன்றும் விடை வணிகம் என்பதாம். அறிமுகமான பெயர் விலைபோகும். புதிய பெயரை ஊன்றச் செய்தல் அரிது. ஓவியர் ஒருவர் ஒரு திங்களில் வரையக்கூடிய பக்கங்களுக்கு ஓர் அளவு உண்டு. படிப்போர் விருப்பம் அவ்வளவைக் கடக்கும்போது, வேறு ஓவியரும் வேறு கதையாசிரியரும் கொண்டு மற்றோர் இதழ் தொடங்குவதே பதிப்பகத்தார்க்கு எளிய வழியாயிற்று. சிலந்தி மனிதனாகிய ஸ்பைடர்மேன் 1963இல் தனி இதழ் பெற்று, 1972இலும் 1976இலும் மேலும் இரு வரிசைகளுக்கு உரியவனானது இவ்வாறே.

நம் பெரியெழுத்துப் புத்தகங்களுக்கும் இக்காரணம் பொருந்தும். சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் இக்கதைப்பாடல்களை மலிவு விலையில் அச்சிட்டுப் பரப்பினர். இவற்றுட் பல புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகின்றன. நளவெண்பாப் பாடிய புகழேந்தியின் நடைக்கும் இவற்றின் நடைக்கும் உள்ள வேறுபாடு பெரிது; ஆகவே இவை அவர் வாக்கல்ல என்பது அறிஞர் கொள்கை. தலைவன் பெயர் போலவே ஆசிரியன் பெயரும் விற்பனைக்குத் துணையாயிற்று என்று கருத இடமுண்டு.

எனினும், வெளியிடுவோன் பல நூல்களை ஏன் விரும்பினான் என்பதை மட்டுமே வணிகம் விளக்கும். கேட்போர் அவற்றை ஏன் ஏற்றனர் என்பதை அது விளக்காது. அச்சு வருமுன்னரே கூத்திலும் பாடலிலும் தலைவன் இவ்வாறு பல கதைகளில் உலவினான் ஆதலின், காரணத்தை நாம் வேறிடத்தே தேடுதல் வேண்டும்.

2. முதற்கதை விட்ட இடைவெளி

பாரதத்தில் அருச்சுனன் பிற உடன்பிறந்தாரைப் பிரிந்து நெடுந்தொலைவு செல்லும் நிகழ்ச்சிகள் பல: தீர்த்தயாத்திரை, பாசுபதம் வேண்டித் தவம், வேள்விக் குதிரையின் பின் செலவு. வழிநடைக் கதைக்கு இயல்பாகவே இடைவெளி மிகுதி. ஓரூருக்கும் மற்றோரூருக்கும் இடையே புதியதோர் ஊரை நுழைத்தல் எளிது. தருமனுக்கு இத்தகைய கதைப்பாடல் வரிசை அமையாமைக்கு அவன் புகழ்க் குறைவு காரணமன்று. அவன் கதையில் இத்தகைய இடைவெளி இன்மையே காரணம்.

வில்லிபுத்தூரார் பாரதத்தில் அருச்சுனன் தீர்த்தயாத்திரையில் பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணக்கின்றான். மதுரையை ஆண்ட அல்லியின் கதைக்கு இது வித்தாயிற்று எனலாம். ஆயின், தந்தையின் மகளாக மட்டும் நின்ற சித்திராங்கதை வேறு. நீன்முகனை வென்று தானே அரசு செலுத்தும் அல்லி வேறு.

காலக் கணக்குப் பார்ப்பார்க்கு இக்கதைகள் ஒன்றோடொன்று பொருந்தா. அருச்சுனன் எந்த ஆண்டில் அல்லியை மணந்தான், எந்த ஆண்டில் பவளக்கொடியை நாடினான் என்று கேட்போர் வினவுவதில்லை. சூப்பர்மேன் கதைகளில் காலம் தெளிவின்றிக் கனவுபோல் அமைவதால் தலைவன் முதுமையுறாது நிலைக்கின்றான் என்று இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. அக்கருத்து அருச்சுனனுக்கும் ஒரு பாதி பொருந்தும். மறு பாதி பொருந்தாது. பதினெட்டாம் போரும் அபிமன்னன் இறப்பும் எல்லாரும் அறிந்த முடிவுகள். அம்முடிவு உறுதியாக நிற்றலினாலேயே இடையில் எத்தனை கதைகளும் அச்சமின்றி நிகழலாம்.

3. பெயர் பெறுவோர் யார்?

இக்கதைப்பாடல்களின் பெயர்களை நோக்குக. அல்லி, பவளக்கொடி, சுபத்திரை என யாவும் பெண்கள் பெயரால் அமைந்தன. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பல தலைவனின் பெயரையே இதழ்ப் பெயராகக் கொள்வன. நம் கதைப்பாடல்களில் அவன் பெயர் தலைப்பில் இல்லை. கேட்போரைக் கதைக்குள் அழைத்து வருபவன் அவன். கதைக்கு உரியவள் மற்றொருத்தி. ஒவ்வொரு திங்களும் ஸ்பைடர்மேனைப் பெரும்பாலும் வேறொரு வீரனோடு இணைத்துக் காட்டிய 1972ஆம் ஆண்டு வரிசை இம்முறைக்கு ஓரளவு நெருங்கி நிற்பது.

தமிழில் வந்த சித்திரக்கதைகளிலோ பெயர் தலைவனைவிட்டே பிரிந்து நின்றது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்சு இதழில் 'மாயாவி' என்றால் இரும்புக்கை படைத்த ஆங்கில நாட்டு வீரன். ராணி காமிக்சு இதழில் 'மாயாவி' என்றால் முகமூடி அணிந்த கானக வீரன்; அவனே பிற வெளியீடுகளில் 'வேதாளர்' ஆனான். ஒரு பெயர்க்கு இருவர், ஒருவர்க்கு இரு பெயர். இருந்தும் படித்தோர் மயங்கினாரல்லர். தலைவனை அடையாளம் காட்டுவது பெயரன்று, அவன் செயலும் கோலமுமே என்பது இதனாற் பெறப்படும்.

4. எல்லைப்புறம் தரும் சான்று

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் தளி வட்டாரம் இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை. தளிக்கு வடக்கே ஆனேக்கல் கன்னட நாட்டைச் சார்ந்தது. அந்நாட்டில் அருச்சுனனுக்கு வேறு நூல்கள் உள. பத்தாம் நூற்றாண்டுப் பம்பன், தன்னைப் புரந்த அரிகேசரியையே அருச்சுனனாகக் கண்டு, திரௌபதியை அவன் ஒருவனுக்கே மனைவியாக்கினான். இலக்குமீசனின் சைமினி பாரதத்தில் வேள்விக் குதிரையின் பின் செல்லும் அருச்சுனன் பெண்கள் நாட்டரசி பிரமீளையைச் சந்திக்கின்றான். அல்லியும் பிரமீளையும் ஒருவர் வழி வந்தவர் ஒருவர் என்று நாம் துணிந்து கூறவில்லை. எனினும், ஆண் துணை வேண்டா அரசியின் முன் அருச்சுனனை நிறுத்திப் பார்க்கும் ஆர்வம் இரு மொழியினர்க்கும் பொது என்பது தெளிவு.

இம்மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் பாரத விழாவிலோ பல வரிசைகள் ஒரே களத்திற் கூடுகின்றன. பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவில் கேட்ட அருச்சுனன் இரவில் கூத்தில் ஆடுகின்றான். தபசு நாளன்று உயர்ந்த மரத்தின்மேல் ஏறிக் கீழே நிற்போர்க்கு விபூதியும் எலுமிச்சையும் வீசும்போது வழிபடப்படுகின்றான். நூலில் ஒருவன், கூத்தில் ஒருவன், வழிபாட்டில் ஒருவன் என மூவராய் நின்றும் மக்களுக்கு அவன் ஒருவனே.

5. மதிப்பிடும் முறை

இத்தகைய நூல்களை மூலத்தின் திரிபு எனத் தள்ளுதல் நம் துறையில் நெடுங்காலம் நிலவிய வழக்கு. மூலத்தோடு ஒத்துப் பார்த்தல் இவற்றுக்குரிய அளவுகோல் அன்று. நாம் கொள்ளத்தக்க அளவுகோல்கள் இரண்டு. தலைவனைப் பற்றி முன் அறியாததொன்றை நூல் காட்டுகின்றதா என்பது ஒன்று. பிற வரிசைகளைப் படியாதார்க்கும் அது நிறைவு தருகின்றதா என்பது மற்றொன்று.

அல்லி கதை இரண்டிலும் தேறுகின்றது. போரில் வெல்லும் அருச்சுனன் இங்கே கண்ணன் சூழ்ச்சியாலும் மாறுவேடத்தாலும் மட்டுமே தாலி கட்ட இயலுகின்றது. வீரத்தால் அடைய இயலாததொன்று உண்டு என்று காட்டுவதே இதன் பொருள். அருச்சுனனின் குறை இங்கே வெளிப்படுவதால் அவனும் புதியவனாகின்றான். பவளக்கொடி கதை, அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டி அழுவதிலிருந்து தொடங்குகின்றது. ஆதலின் முன்னைய கதையைச் சார்ந்து நிற்கின்றது. அடைதற்கரிய அரசியைக் கண்ணன் துணையால் அடைதல் என்னும் அதே கட்டமைப்பையும் மீண்டும் கொள்கின்றது. எனினும் மேடையில் அது பெருவெற்றி பெற்றது. 1934இல் திரைப்படமாகித் தியாகராச பாகவதரை அறிமுகப்படுத்தியது. ஆயின், மக்கள் வரவேற்பு ஒன்றே நூலின் புதுமைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டைக் கூறாது இரண்டையும் 'நாட்டுப்புறக் கதை' என ஒருங்கே போற்றுதலும் தள்ளுதலைப் போன்றதொரு குறையே.

அமெரிக்க இதழ்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஒரு வரிசையில் தொடங்கிய கதையை மற்றொரு வரிசையில் முடிக்குங்கால் படிப்போன் எல்லாவற்றையும் வாங்கக் கடமைப்படுகின்றான். அங்கே பல வரிசை என்பது ஒரு நூலைக் கூறுபோட்டு விற்றலாய் முடிகின்றது. கதைப்பாடல் கேட்ட சிற்றூரார் இக்கடமைக்கு ஆளானாரல்லர்.

ஓசூரைச் சூழ்ந்த பகுதியில் தொழிற்சாலைகளும் இரவுப் பணியும் பெருகிய இந்நாளில் விடியுமளவும் கூத்துக் காணும் ஓய்வு பலர்க்கு இல்லை. விழா நாள்கள் சுருங்குமாயின் எக்கதைகள் நிற்கும், எவை விடப்படும் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தனித்து நிற்கும் ஆற்றலுடைய கதைகளே எஞ்சும் என்பது நம் கருத்து. அக்கருத்து மெய்யா என அறிய வேண்டுமாயின், முதுகலை மாணவர் இவ்வட்டாரத்து மும்மொழிக் கூத்துப் பனுவல்களையும் ஊர்தோறும் ஆடப்பெறும் கதைகளின் நிரலையும் இப்பொழுதே தொகுத்தல் வேண்டும். மூலநூலை மட்டும் கையிற்கொண்டு இத்தலைவனை முழுமையாக அறிதல் இயலாது. அவன் பல நூல்களில் வாழ்பவன் ஆதலின், அவனைத் தேடிச் செல்வார் பல நூல்களுக்கும் செல்லுதல் கடன்.