தீவுக் கோபுரங்களும் ஒற்றைத் திரையும்

பல தேசத்து உற்பத்தியாளர்களின் சாதனங்களை ஒரே திரையிற் கண்காணிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நகரத்தை மனத்திற்கொண்டே பேசுகின்றனர்; அங்கே ஒரு கருவி மௌனமாகிவிட்டால் மோட்டார்ச் சைக்கிளில் அரைமணியிற் போய்ப் பார்த்துவிடலாம். இலங்கையின் வடக்கிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கோ படகிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். சோளகம் மூர்க்கமாக வீசும் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் படகு புறப்படுமா என்பதே ஐயம். தரைவழியாக எட்டக்கூடிய ஊர்காவற்றுறையில் வெறும் வசதியாக இருக்கும் தொலைக்கண்காணிப்பு, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அத்தியாவசியமாகிவிடுவது இதனாலேயே.

ஒரு தொலைபேசிக் கோபுரத்தில், கடல் தாண்டிச் செய்தி கொண்டுசெல்லும் நுண்ணலைக் கருவி ஓர் உற்பத்தியாளருடையதாகவும், கைபேசிகளோடு பேசும் கருவி வேறொருவருடையதாகவும், பற்றறியும் மின்பிறப்பாக்கியும் இன்னும் இருவருடையனவாகவும் இருப்பது சர்வ சாதாரணம். ஒவ்வொருவரும் தத்தம் பிரத்தியேக மென்பொருளைத் தந்துவிட்டுப் போவார்கள். இதற்குப் பரிகாரமாக 1988இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை, கருவியிலுள்ள ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண்வரிசையை அளித்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு கிளையையும், சிஸ்கோவுக்கு 9, ஹுவாவேக்கு 2011, மைக்ரோரிக்குக்கு 14988 என்றவாறு கொம்பனிதோறும் ஒரு தனிக்கிளையையும் வகுத்தது. நாகியோஸ், சபிக்ஸ் முதலிய இலவச மென்பொருள்கள் இந்த எண்களைக் கேட்டறிந்தே ஒற்றைத் திரையை வரைகின்றன.

இதன் அநுகூலம் அற்பமன்று. கோபுரம் மௌனமாயிற்று என்பதை மட்டும் அறிந்த தொழில்நுட்பவியலாளர் எதைப் படகில் ஏற்றுவார்? நுண்ணலைக் கருவிக்கு மாற்றுப் பலகையையா, டீசலையா? மௌனத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே 48 வோல்ற் பற்றறியின் அழுத்தம் இறங்கத் தொடங்கி 43ஐ நெருங்கியதை, இணைப்பு அறுந்த கணத்தோடு ஒரே காலக்கோட்டிற் கண்டவருக்கு அந்தச் சந்தேகம் எழாது. நான்கு கொம்பனிகளின் நான்கு திரைகளில் அதே உண்மை சிதறிக் கிடந்திருக்கும், ஒருவரும் கண்டிருக்கமாட்டார்.

ஆயினும், பொதுக்கிளையில் அடங்குவன எல்லோருக்கும் பொதுவான சில சங்கதிகளே. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்பதை அது சொல்லும். கடற்பரப்பிற் பட்டுத் தெறித்த அலை நேரலையோடு மோதுவதால், வந்துசேரும் சமிக்ஞை எப்படித் தேய்கிறது என்பதைச் சொல்லாது. கடல் கடக்கும் நுண்ணலைக்கு அதுவே பிரதான வியாதி. அதன் அளவீடோ உற்பத்தியாளரின் தனிக்கிளையில் இருக்கிறது. அக்கிளையின் விளக்கக் கோப்பைக் காசு கொடுத்துச் சேவை ஒப்பந்தம் செய்தாலன்றித் தராதவர்களும் உளர். ஆகவே திரையிற் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தீவிலோ பேச்சு அறுந்தறுந்து கேட்கும்.

காலக்கணக்கும் ஒரு பெருந்தொல்லை. ஒரு கருவி கிரீனிச் நேரத்தையும் மற்றொன்று இலங்கை நேரத்தையும் பதிந்தால் ஐந்தரை மணி வித்தியாசம். 2006 ஏப்ரலில் நாடு ஆறு மணியிலிருந்து ஐந்தரைக்குத் திரும்பியதை அறியாத பழைய அட்டவணை எங்கேனும் எஞ்சியிருந்தால் அரைமணி வித்தியாசம். காரணத்துக்கு முன்னமே காரியம் நிகழ்ந்ததாகத் திரை சாதிக்கும். கருவி இயங்கிவரும் காலத்தைக் காட்டும் எண் 497 நாளுக்கொருமுறை சுழியத்துக்குத் திரும்ப, விஷயமறியாத மென்பொருள் அதை மறுதொடக்கமென்று அறிவித்து அலாரம் எழுப்பும். இவற்றிலும் கொடியது, கண்காணிப்புச் செய்தியும் அதே நுண்ணலையில் ஏறிவருவது. இணைப்பு அறுந்தவுடன் அதற்கு அப்பாலுள்ள யாவும் ஒருங்கே சிவந்து, மிக வேண்டப்படும் வேளையில் திரை பயனற்றதாகிறது. கோபுரத்தடியிலேயே பதிவைச் சேமித்து, இணைப்பு மீண்டதும் அனுப்பும் சிறு கணினி ஒன்றை வைக்காத ஒருங்கிணைப்பு அரைகுறையே என்பது என் அபிப்பிராயம்.

இக்குறைகளெல்லாம் பொறியியலாளர் தீர்க்கக்கூடியவை. தீராதது வேறொன்று; அது கோபுரத்துக்கு வரும் மின்சாரத்தைப் பற்றியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் மின்சாரத்தை நம்பி வந்தவை. அவற்றுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு 2021இல் தெரிவான சீன நிறுவனம் இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் விலக, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் பெங்களூர் யூ சோலார் நிறுவனம் ஒப்பந்தமிட்டது: 1700 கிலோவாற்று சூரியசக்தி, 530 கிலோவாற்று காற்றுசக்தி, 2400 கிலோவாற்று மணி பற்றறி, துணைக்கு 2500 கிலோவாற்று டீசல். எந்த நாட்டுச் சாதனம் தீவிற் கரையேறும் என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் திருஷ்டாந்தம் வேண்டுமா? உற்பத்தியாளர் கலப்பு இங்கே விதி; ஒரே உற்பத்தியாளரிடம் யாவும் வாங்கிவிட்டாற் போதும் என்போரின் வாதம் இங்கு செல்லாது.

கோபுரம் உண்பது இத்தீவுகளின் மின்சாரத்தைத்தான். ஆனால் மின்நிலையத்தின் திரை ஒரு ஸ்தாபனத்திலும் கோபுரத்தின் திரை மற்றொன்றிலும் இருக்கும்வரை, உற்பத்தியாளர் பேதத்தை ஒழித்தும் ஸ்தாபன பேதம் ஒழியவில்லை. முழுத் திரையையும் பகிரவேண்டியதில்லை; பற்றறியில் எஞ்சியிருக்கும் இருப்பு, டீசல் மட்டம், மின்வெட்டின் வேளை என்னும் மூன்றே போதும். மின்யந்திரங்கள் பலவும் 1979இல் தோன்றிய மொட்பஸ் நெறியிற் பேசுவன; அதில் வருவதோ பெயரில்லா வெற்றெண்கள். எந்த எண் பற்றறியின் இருப்பு, எந்த எண் காற்றாடியின் வேகம் என்று சொல்லும் அட்டவணையை ஒப்பந்தப் பத்திரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளாமல், யந்திரம் குறிகட்டுவானிற் படகேறிய பிறகு கேட்பவருக்கு, அது வர்த்தக ரகசியம் என்ற பதிலே கிடைக்கக்கூடும்.