ஆடுகளம் அரசுக்கு, அணி யாருக்கு?

தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று கைமாறப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிவது எந்த நாட்டிலும் காணக்கூடிய வழக்கம். பணபலமுள்ள புதியவர் வந்தால்தான் அணி பிழைக்கும் என்று ஒரு தரப்பு வாதிட, வெற்றியிலும் தோல்வியிலும் உடனிருந்த பழைய உரிமையாளரே மேல் என்று மறுதரப்பு வாதிடும். இவ்விரு வாதங்களும் உரிமையாளர் யார் என்பதை மட்டுமே ஆராய்கின்றன. விற்கப்படும் பொருள் எது என்ற கேள்வியை இரண்டும் தொடுவதில்லை. சென்னைக் கால்பந்தின் அண்மைக்கால வரலாற்றை அந்தக் கேள்வியுடன் அணுகினால், இந்நகரத்தில் ஆடுகளத்தை எந்த உரிமையாளராலும் விற்க முடியாது என்பதும், அணியை மட்டும் எவரும் எளிதில் வெளியூருக்குக் கொண்டுபோய்விட முடியும் என்பதும் ஒருசேரப் புலப்படும்.

உரிமம் என்னும் ஒரே சொத்து

2014-இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், சுருக்கமாக ஐஎஸ்எல், ஃபிரான்சைஸ் முறையில் அமைக்கப்பட்டது. போட்டித் தொடரை நடத்தும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, ஒரு நகரத்தின் பெயரால் அணி நடத்தும் உரிமத்தை முதலீட்டாளர் பெறுவதே இம்முறையின் சாரம். அபிஷேக் பச்சன், வீட்டா தானி, எம்.எஸ். தோனி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்ட சென்னையின் எஃப்சி இவ்வாறு உருவான அணியாகும். மார்கோ மாட்டெரஸ்ஸியின் பயிற்சியில் 2015-இலும், ஜான் கிரிகோரியின் பயிற்சியில் 2017-18 பருவத்திலும் அது கோப்பையை வென்றது. முதல் இறுதியாட்டம் கோவாவின் ஃபடோர்டா அரங்கிலும் இரண்டாவது பெங்களூருவின் கண்டீரவா அரங்கிலும் எதிரணியின் ரசிகர்கள் சூழ நடைபெற்றன. இரண்டும் 3-2 என்ற ஒரே கணக்கில் முடிந்தன.

இத்தகைய சாதனையுள்ள ஓர் அணியின் சொத்துப் பட்டியல் வியப்பளிக்கும் அளவுக்குச் சிறியது. உரிமம், வீரர்களுடனான ஒப்பந்தங்கள், பெயர், சின்னம், இளையோர் பயிற்சி அமைப்பு ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. அணி ஆடும் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அப்பட்டியலில் இல்லை. பெரியமேட்டில் உள்ள அந்த அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அணி அங்கே வாடகைதாரர் மட்டுமே. எனவே சென்னை அணியின் விலை என்று எதைக் குறித்தாலும், அது ஐஎஸ்எல் என்ற போட்டித் தொடரின் எதிர்காலத்துக்கான விலையே. தொடர் ஆட்டம் கண்டால் அந்த விலையும் ஆட்டம் காணும்.

இது 2025-இல் நடைமுறையிலேயே தெரிந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்பில் செய்துகொண்ட வணிக உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வரவிருந்த நிலையில், அதைப் புதுப்பிப்பதில் ஏற்பட்ட இழுபறியால் அந்த ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. பின்னர் வணிக உரிமத்துக்காகக் கோரப்பட்ட டெண்டரில் ஒருவரும் விலை கேட்கவில்லை. 2019-இல் மும்பை சிட்டி அணியின் 65 சதவீதப் பங்கை வாங்கியிருந்த சிட்டி ஃபுட்பால் குழுமம் 2025 டிசம்பரில் விலகிக்கொண்டது. மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் நிறுவனமே கைவிட்டுப் போகும் சூழலில், பணமுள்ளவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற வாதம் பெரிதும் வலுவிழக்கிறது.

இடம்பெயர்ந்த அணிகள்

விற்பனையும் பங்கு மாற்றமும் தமிழ்நாட்டில் என்ன விளைவைத் தரும் என்பதற்குச் சென்னை சிட்டி எஃப்சி தெளிவான சான்று. 1946-இல் தோன்றிய இந்தக் கழகம் 2016-17 பருவத்தில் ஐ-லீக் தொடரில் நேரடியாகச் சேர்க்கப்பட்டு, முதலில் நேரு விளையாட்டரங்கில் ஆடியது. அடுத்த பருவத்திலேயே பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. கோவையின் நேரு விளையாட்டரங்கம் அந்த அணிக்கு நல்ல காலத்தைத் தந்தது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயின் நாட்டு வீரர்களை நடுவில் வைத்துப் பந்தைக் கையகப்படுத்தி ஆடும் பாணியை உருவாக்க, பெட்ரோ மான்ஸி 21 கோல்களை அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்திய அணி, 43 புள்ளிகளுடன், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் ஈஸ்ட் பெங்காலை முந்திப் பட்டம் வென்றது.

அதே 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கூட்டாளி, தேசியப் பட்டம், ஆசியப் போட்டிக்கான தகுதி என்று ரசிகர் விரும்பும் அனைத்தும் ஓராண்டுக்குள் கைகூடின. ஆயினும் 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி இடம்பெறவில்லை. பங்கை வாங்கியவரின் பெருமை அணியின் ஆயுளுக்கு உறுதியாக அமையவில்லை. பெயரிலுள்ள நகரம் ஒன்றாகவும் ஆடிய நகரம் வேறாகவும் இருந்ததால், நெருக்கடி வந்தபோது தம்முடையது என்று உரிமையோடு நிற்க ஒரு நகரமும் முழுமையாக முன்வரவில்லை.

பிற நகரங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. டெல்லி டைனமோஸ் அணி 2019-இல் புவனேசுவரத்துக்கு மாறி ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டில் புனே சிட்டி கலைக்கப்பட்டு, அதன் இடத்தை ஐதராபாத் எஃப்சி பிடித்தது. 2022 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஐதராபாத் அணி, சம்பளப் பாக்கியில் சிக்கிக் கைமாறி, 2025-இல் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரில் தலைநகருக்குச் சென்றது. ஆறு ஆண்டு இடைவெளியில் டெல்லி ரசிகர்கள் ஓர் அணியை இழந்து, வேறொரு நகரத்து ரசிகர்கள் இழந்த அணியைப் பெற்றனர். இந்த இடமாற்றங்கள் எதிலும் ரசிகர்களின் ஒப்புதல் சட்டப்படி தேவைப்படவில்லை.

கொல்கத்தாவின் நிலை வேறு. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கூட நிலவுடைமையாளர்கள் அல்ல. அவற்றின் கூடாரங்கள் அமைந்துள்ள மைதான் பகுதி ராணுவத்தின் நிலம், பெரிய ஆட்டங்கள் நடக்கும் சால்ட் லேக் அரங்கம் அரசுடையது. ஆனால் அவை உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்களாக வளர்ந்தவை. 1889-இல் தோன்றிய மோகன் பகானின் 80 சதவீதப் பங்கு 2020-இல் ஒரு தொழில் குழுமத்திடம் சென்று, அணியின் பெயருக்கு முன்னால் ஏடிகே என்ற எழுத்துகள் சேர்ந்தபோது, ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் விடாமல் எதிர்த்து 2023-இல் அவற்றை நீக்கவைத்தனர். ஈஸ்ட் பெங்காலில் முதலீட்டாளரின் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா என்ற சர்ச்சை முற்றி, கையெழுத்திடச் சொன்ன ரசிகர்களும் நிர்வாகத்தை ஆதரித்த ரசிகர்களும் 2021 ஜூலை 21 அன்று கழக வாயிலில் மோதிக்கொள்ள, காவல்துறை தடியடி நடத்தியது. அந்தக் கலகம் பெருமைக்குரியதன்று. எனினும் ரசிகரின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் அங்கே ஒப்பந்தம் எதுவும் நிலைக்காது என்பதை அது காட்டியது.

மண்ணை விற்ற இங்கிலாந்து

ஆடுகளமும் கழகத்தின் சொத்தாக இருக்கும் நாடுகளில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. லண்டனின் விம்பிள்டன் அணி ஆடிய பிளவ் லேன் மைதானம் 1998-இல் ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சொந்த மைதானம் இழந்த அணி 2003-இல் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கே குடிபெயர்ந்தது. அதை ஏற்காத ரசிகர்கள் 2002-இலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை நிறுவி, கீழ்நிலைத் தொடர்களிலிருந்து ஏறிவந்து, 2020 நவம்பரில் பழைய இடத்துக்கு அருகிலேயே புதிய அரங்கில் ஆடத் தொடங்கினர். டெர்பி கவுண்டியின் பிரைட் பார்க் அரங்கத்தை 2018-இல் அதன் உரிமையாளரே ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்குக் கழகத்திடமிருந்து வாங்கிக்கொண்டார். கணக்கில் லாபம் காட்ட உதவிய அந்த ஏற்பாடு கழகத்தைக் காப்பாற்றவில்லை. 2021-இல் நொடித்துப்போய், அடுத்த ஆண்டே கீழ்நிலைத் தொடருக்கு இறங்கிய டெர்பியை மீட்க வந்தவர், முதலில் அரங்கத்தையும் பிறகே கழகத்தையும் வாங்கவேண்டியிருந்தது.

இதற்கு எதிரான ஏற்பாட்டைச் செல்சியில் காணலாம். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அரங்கின் நிலம், ரசிகர்கள் பங்குதாரர்களாக உள்ள தனி நிறுவனத்திடம் இருக்கிறது. அணி அங்கிருந்து வெளியேறினால் செல்சி என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையை இழக்கும் என்பது ஏற்பாட்டின் உயிர்நாடி. 2011 அக்டோபரில் அந்நிலத்தைத் திரும்ப வாங்க ரோமன் அப்ரமோவிச்சின் நிர்வாகம் முயன்றபோது, பெரும்பான்மையோர் ஆதரித்தும் தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்கவில்லை. ஜெர்மனி இதையே வாக்குரிமை வழியாகச் செய்கிறது: கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்ற 50+1 விதி 1998 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது.

சென்னையில் எங்கே பிடி இருக்கிறது?

இந்த ஒப்பீட்டில் சென்னையின் நிலை தனித்துவமானது. பெரியமேட்டு அரங்கம் மாநகராட்சி விளையாட்டரங்கம் என்று அறியப்பட்ட காலத்தில், 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது அங்கேதான். புதுப்பிக்கப்பட்ட பின் 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. அரசின் சொத்தாக இருப்பதால் அந்த இடம் அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ அங்காடியாகவோ மாறும் அச்சம் இல்லை. மயிலாப்பூர், அடையாறு பகுதி ரசிகர் பறக்கும் ரயிலில் பூங்கா நகர் நிலையத்துக்கும், தியாகராய நகரில் இருப்பவர் மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையத்துக்கும் வந்து சேரும்படி நகரின் நடுவில் அது அமைந்திருப்பதும் எளிதில் ஈடுசெய்ய முடியாத வசதி. ஓடுதளம் பார்வையாளரைப் பந்திலிருந்து தள்ளி வைக்கிறது என்ற குறை உண்மையே. தடகளத்துக்கும் பிற விழாக்களுக்கும் பயன்படும் பொது அரங்கில் அது தவிர்க்க முடியாதது.

அணியைக் கட்டிப்போடும் கயிறு மட்டும் இங்கே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் எஃப்சியின் உள்ளூர் அரையிறுதி ஆட்டம் புனேயில் நடந்தது. இயற்கையின் சீற்றத்தால் ஒருமுறை நேர்ந்த அந்த மாற்றத்தை ரசிகர்கள் இயல்பாக ஏற்றனர். நாளை ஒரு புதிய உரிமையாளர் அதையே நிரந்தரமாகச் செய்ய விரும்பினால் அவரைத் தடுக்க ரசிகரிடம் பங்கோ வாக்கோ கிடையாது. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் ஆகிய ரசிகர் குழுக்களின் முழக்கம் அரங்கை நிறைக்கும். உரிம மாற்ற ஆவணத்தில் அதற்கு இடமில்லை.

ஆகவே ரசிகர்கள் கவனிக்கவேண்டிய பிடி, அரங்கின் உரிமையாளரான அரசிடம் இருக்கிறது. இப்போது ஆட்டநாள் பயன்பாட்டை மையமாகக் கொண்ட உறவை நீண்டகாலக் குத்தகையாக மாற்றி, அணிக்கு நியாயமான வாடகையும், விளம்பரம், கடைகள், அரங்கச் சுற்றுலா போன்றவற்றில் வருவாய்ப் பங்கும் அளிக்கலாம். அதற்கு ஈடாக மூன்று நிபந்தனைகளைக் கேட்கலாம்: குத்தகைக் காலத்தில் உள்ளூர் ஆட்டங்கள் சென்னையிலேயே நடக்கவேண்டும், உரிமம் கைமாறினால் சென்னையின் பெயரும் சின்னமும் நகரத்தை விட்டுப் போகக்கூடாது, விற்பனைக்கு முன் பதிவுபெற்ற ரசிகர் அமைப்புகளின் கருத்து எழுத்து வடிவில் கேட்கப்படவேண்டும். செல்சியின் ரசிகர்கள் பணம் திரட்டிப் பெற்ற பாதுகாப்பை, சென்னையில் ஏற்கெனவே நிலத்தை வைத்திருக்கும் அரசு ஒரு பைசா செலவின்றித் தரமுடியும்.

தொடரே தள்ளாடும் காலத்தில் நிபந்தனை விதித்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்ற எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்டநாளுக்கு வெளியே வருவாய்க்கு வழியற்ற அரங்கில் எந்த முதலீட்டாளரும் நீண்டநாள் நிற்கமாட்டார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. நீண்டகாலக் குத்தகை அந்த வழியைத் திறக்கும்போது, நிபந்தனைகள் முதலீட்டாளர் செலுத்தும் விலையின் ஒரு பகுதியாக மாறும். செம்மஞ்சேரியில் உலகளாவிய விளையாட்டு நகரம் அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ள திட்டம் உருப்பெறும்போது, தென்சென்னையில் கால்பந்துக்கென ஓர் அரங்கம் வேண்டும் என்ற கோரிக்கை வலுக்கக்கூடும். அப்போது அங்கே யார் ஆடுவார், எந்த நிபந்தனையில் ஆடுவார் என்பதும் இதே கணக்கில்தான் அடங்கும்.

அடுத்த உரிமையாளர் நடிகரா, தொழிலதிபரா, வெளிநாட்டுக் குழுமமா என்பது ரசிகரின் கையில் இல்லை. குத்தகை ஆவணத்தில் என்ன எழுதப்படவேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரையும் விளையாட்டுத் துறை அமைச்சரையும் கேட்பது மட்டும் அவரால் முடியும். அணி கைமாறும் செய்தி வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி கேட்கப்பட்டால்தான் அதற்குப் பயன் இருக்கும்; ஐதராபாத்தில் அதைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.