பி.டி. டீச்சருக்குக் கதை இல்லையா?

நான் படித்த பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் ஒரு காலத்தில் மாநில அளவில் ஓடியவர். பள்ளியை விட்டு வந்து பல வருடங்கள் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. எங்களைப் பொறுத்தவரை, காலையில் வாசலில் நின்று ரிப்பனையும் துப்பட்டாவையும் சரிபார்ப்பவர் அவர். பிரேயருக்கு விசில் ஊதி வரிசை கட்டுவார். அவருடைய பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டால் மறுக்காமல் கொடுத்துவிடுவார்.

‘இறுதிச்சுற்று’ (2016), ‘கனா’ (2018), ‘பிகில்’ (2019) மூன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது அவர் நினைவு வந்தது. மூன்றிலும் ஆடுபவர்கள் பெண்கள், கற்றுக்கொடுப்பவர் ஆண். ‘இறுதிச்சுற்று’ பிரபு குத்துச்சண்டையில் விட்டதைப் பிடிக்க மீன் விற்கும் மதியைத் தேடி எடுக்கிறார். ‘பிகில்’ மைக்கேல் பழைய கால்பந்து வீரர். அவர்களுடைய தோல்வி அறிவாக மாறுகிறது, கோபம் திறமையாகக் கொண்டாடப்படுகிறது. ஆட்டத்தின் நடுவே ஒரு பெண்ணை ‘குண்டம்மா’ என்று அவமானப்படுத்துவதைக்கூட ‘பிகில்’ பயிற்சி முறையாகக் காட்டுகிறது. திரையரங்கில் விசில் பறந்தது.

இந்தப் படங்களில் எனக்குப் பிடித்தவை நிறைய உண்டு. பெண் வியர்த்து, அடி வாங்கி, திருப்பி அடிப்பதைத் தமிழ்த் திரையில் பார்ப்பதே அரிது. ‘இறுதிச்சுற்று’ படத்தை இயக்கிய சுதா கொங்கரா ஒரு பெண். மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டைக் களம் கண்டவர். ஆனாலும் வெற்றி பெற்ற மதி கடைசியில் பாய்ந்து ஏறிக்கொள்வது பிரபுவின் தோளில்தான். முப்பத்தைந்து வயதில் மதி என்ன செய்வாள் என்று படம் யோசிக்கவில்லை. அவள் கற்றது அவளோடு முடிந்துவிடுமா? அடுத்த மதிக்கு அவளே ஏன் மாஸ்டராகக் கூடாது?

கண்டிப்பான ஆசிரியை நாயகியான ‘ராட்சசி’யும் (2019) இருக்கிறதே என்பீர்கள். தலைப்பைப் பாருங்கள். கண்டிப்பான ஆண் ‘மாஸ்டர்’. கண்டிப்பான பெண் ராட்சசி.

அவமானத்தைத் தாண்டிக் கற்பிக்க வந்தவர் கதை வேண்டுமென்றால், புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். பின்னாளில் அரசுப் பயிற்சியாளர் ஆனார். பிரபுவின் மீது விழுவது பொய்ப் புகார். அது பொய் என்று நமக்கு முதலிலேயே தெரியும். சாந்தி மீது விழுந்ததோ அவருடைய உடல் பற்றிய சந்தேகம். அதைச் சுமந்துகொண்டு மைதானத்துக்குத் திரும்பி, மற்றவர் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது எப்பேர்ப்பட்ட காரியம்!

எங்கள் டீச்சருக்கும் ஓடத் தெரிந்த உடல் இருந்தது. பள்ளியோ எங்கள் உடல்களைக் காவல் காக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது. நாங்களும் அவரைக் காவலாளியாகவே பார்த்துப் பயந்தோம், கேலி செய்தோம். ஏழு வருடம் அவர் விசிலுக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். “டீச்சர், நீங்க என்ன விளையாடினீங்க?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. சினிமாவைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.