எண்ணைப் பிளந்த கதையில் விடுபட்டவை

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் வாய் திறவாமல் கரும்பலகையில் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, 1-ஐக் கழித்தார். 147573952589676412927 என்ற 21 இலக்க எண் வந்தது. பிறகு 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். விடை அதே எண்! அவையோர் கைதட்டினர். இதைக் காண மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று அவர் பிற்பாடு சொன்னாராம்.

இக்கதையை நீங்களும் படித்திருக்கலாம். எரிக் டெம்பிள் பெல் தம் 1951-ஆம் ஆண்டு நூலில் எழுதியபின், பலரும் இதைத் திருப்பிச் சொல்லி வருகின்றனர். கதை சுவையானதுதான். ஆனால் அதைச் சுருக்கிச் சொல்லும்போது மாணவர் மனத்தில் இரண்டு தவறான கருத்துகள் படிந்துவிடுகின்றன.

முதலாவது, இது பகா எண் அல்ல என்று கண்டவர் கோல் என்பது. 1644-இல் மெர்சேன் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அது தவறு என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார். அதுவும் ஒரு காரணியைக்கூட அறியாமல்! அவர் வழியைப் பின்னர் லெமர் எளிமையாக்கினார். அவ்வடிவில் நீங்களே செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் கண்டு 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைந்தால் 31. அதற்குக் கிடைப்பவை 4, 14, 8, 0. நான்காம் இடத்தில் 0 வந்ததால் 31 பகா எண். நம் பெரிய எண்ணுக்கு 66-ஆம் இடத்தில் 0 வருவதில்லை. ஆகவே அது பகு எண். ஆனால் காரணிகள் எவை என்பதை இச்சோதனை சொல்லாது. அதைச் சொன்னதே கோலின் சாதனை.

இரண்டாவது, பொறுமையாக வகுத்துக்கொண்டே போனால் போதும் என்பது. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதில் 1-ஐக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபடும். இவ்விதி தேவையற்ற எண்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. அப்படியும் சிறிய காரணியை எட்ட 14,45,580 எண்களைச் சோதிக்கவேண்டும். மூன்று ஆண்டுகளில் சுமார் 156 ஞாயிறுகள். நாளொன்றுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள்! கையால் ஆகக்கூடியதா? கோல் இன்னும் நுண்ணிய சல்லடைகளைக் கையாண்டார். அவற்றைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். கதை அவரது மௌனத்தைப் போற்றுகிறது. அவர் எழுதியதை மறந்துவிடுகிறது.

கணிதத்தில் உழைப்பு வேண்டும். எதைச் செய்யாமல் விடலாம் என்று அறியும் கூர்மையும் வேண்டும். இதையும் சேர்த்துச் சொன்னால் கதையின் சுவை குறையாது, கூடும். ஐயமிருந்தால் பென்சிலை எடுங்கள். 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள்.